உஸ்தாத் பேச்சை எடுத்ததும் சித்தப்பா நிமிர்ந்து உட்காருவது ஏன்?

கேள்வி இதுதான்: தர்மபுரி மாவட்டம், கம்பைநல்லூர் பக்கத்துக் கிராமம். தம்பி அக்னிவீராகத் தேர்வாகி அடுத்த மாதம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்குப் போகிறான். சித்தப்பா பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்து 22 வருடம் ஆகிறது. இன்னமும் அவருடைய உஸ்தாத் பேச்சை எடுத்தால் நிமிர்ந்து உட்காருகிறார். தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். அப்பாவைப் பற்றிக்கூட அவ்வளவு பேசியதில்லை. அந்த உஸ்தாத் அப்படி என்னதான் செய்துவிடுகிறார்? தம்பிக்கு என்ன சொல்லி அனுப்புவது? சித்தப்பா இப்போது ஊர்ப் பையன்களுக்குக் காலையில் பயிற்சி கொடுக்க நினைக்கிறார். அவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உஸ்தாத் என்பது பதவியின் பெயர் இல்லை, கூப்பிடும் பெயர். பயிற்சி மையத்தில் ரங்ரூட்டுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த பையனுக்கு, கற்றுக்கொடுப்பவர் நாயக்காக இருந்தாலும் ஹவில்தாராக இருந்தாலும் ‘உஸ்தாத்’தான். அவருக்கு மேலே உள்ள நாயப் சுபேதாரும் சுபேதாரும் ‘சாப்’. அதிகாரிகள் ‘சார்’. தம்பி முதல் வாரத்தில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லித் திட்டு வாங்குவான், அதற்குள் பழகிவிடும். உஸ்தாத்களைப் பட்டாலியனில் பணியில் இருப்பவர்களிலிருந்து பொறுக்கி எடுத்துச் சில வருடங்களுக்கு மையத்துக்கு அனுப்புகிறார்கள். ஆகவே அவர் சொல்லிக்கொடுப்பது ஏட்டுப்பாடம் இல்லை. போன வருடம்வரை எல்லையில் ஏதோ ஒரு போஸ்ட்டில் பனியில் நின்று காவல் பார்த்தவராக இருப்பார்.

சிப்பாய் பென்ஷனுக்கு 15 வருடச் சேவை வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் சித்தப்பா பட்டாளத்தில் சேர்ந்து 37 வருடத்துக்குக் குறையாது. அத்தனை காலம் ஒரு மனிதரின் குரல் காதில் நிற்கிறது என்றால் அவர் போட்ட சத்தம் காரணமாக இருக்க முடியாது. சத்தம் போடுகிற உஸ்தாத் நிறையப் பேர் உண்டு, அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை. நின்றுபோகிறவர் வேறு விதமாகக் கற்றுக்கொடுக்கிறார். அது எப்படி என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கும் அதுவே உதவும்.

பட்டாளத்தில் எந்தப் பாடத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பயான், அதாவது வாயால் விளக்குவது. அடுத்து நமூனா: உஸ்தாத் தானே செய்து காட்டுவது. பிறகு கின்தி, எண்ணிக்கை சொல்லித் துண்டு துண்டாகச் செய்ய வைப்பது. கடைசியில் அப்யாஸ், திரும்பத் திரும்பப் பழகுவது. ‘சாவ்தான்’ என்ற ஒரே ஒரு நிலையைப் பாருங்கள். குதிகால் இரண்டும் ஒட்டி, முன்பாதங்கள் 30 பாகை விரிந்து, முழங்கால் விறைத்து, தோள் பின்னுக்குப் போய், மூடிய கை தொடையோடு ஒட்டி, கட்டைவிரல் கால்சட்டைத் தையலைத் தொட்டு, பார்வை நேரே. ‘விஷ்ராம்’ என்றால் கால்களுக்கிடையே 12 அங்குலம். நடக்கும்போது ஓர் அடிக்கு 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 அடி. இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னால் பதினெட்டு வயதுப் பையன் தலையில் ஒன்றும் நிற்காது. நல்ல உஸ்தாத் ஒரு தடவைக்கு ஒரு தப்பை மட்டும் பிடிப்பார். முதல் நாள் குதிகால். அது சரியாகும்வரை தோளைப் பற்றிப் பேசவே மாட்டார். மோசமானவர் ஐந்து தப்பை ஒரே வரியில் அடுக்கிவிட்டு, பையன் எதையும் திருத்தவில்லை என்று கோபப்படுவார்.

முதல் வாரத்தில் எல்லா ஸ்குவாடிலும் ஒரு பையனாவது வலது காலோடு வலது கையையே வீசி நடப்பான். வீட்டிலிருந்து கடைக்கு நடக்கும்போது அவன் அப்படி நடந்ததே இல்லை. பயத்தில் உடம்பு இறுகி, ‘கையை வீச வேண்டும்’ என்று நினைத்து நினைத்து வீசுவதால் வருவது இது. திட்டினால் இன்னும் இறுகும். விவரம் தெரிந்தவர் அவனைத் தனியே கூட்டிப்போய், எந்த ஊர், வீட்டில் மாடு எத்தனை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே சாதாரணமாக நடக்கவிடுவார். கை தானாகச் சரியாக வீசும்போது நடுவிலேயே எண்ணிக்கையை ஆரம்பிப்பார். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை அந்தப் பையன் ஐம்பது வயதிலும் சொல்வான். ஏனென்றால் முப்பது பேர் சிரித்த இடத்தில் சிரிக்காமல் நின்றவர் அவர் ஒருவர்தான்.

துப்பாக்கிப் பாடத்தில் இன்னும் ஆழமான ஒன்று கிடைக்கிறது. மூன்று சூத்திரத்தை இந்தியில் மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், ட்ரிகர் ஆபரேஷன். உறுதியான பிடி, சரியான குறி, விசையை இழுக்கும் பக்குவம். மையத்தில் ரேஞ்சுக்குப் போகுமுன் நாள்கணக்கில் குண்டு இல்லாமலே பழக வேண்டும். குழலின் முனையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு விசையை இழுக்கச் சொல்வார்கள். நாணயம் விழுந்தால் நீ விசையை இழுக்கவில்லை, வெட்டிப் பிடுங்கினாய் என்று அர்த்தம். ரேஞ்சில் ஐந்து குண்டு சுட்டபின் உஸ்தாத் டார்கெட் தாளைக் கொண்டுவந்து கேட்பார்: ஐந்து துளையும் சிதறிக் கிடக்கிறதா, அல்லது ஒரே இடத்தில் குவிந்து, ஆனால் நடுவிலிருந்து விலகி இருக்கிறதா? சிதறிக் கிடந்தால் தப்பு உன் பிடியிலோ மூச்சிலோ விசையிலோ இருக்கிறது. குவிந்து விலகியிருந்தால் உன்னிடம் தப்பு இல்லை, துப்பாக்கியின் குறியமைப்பைத் திருத்த வேண்டும். ஒரு தோல்வியைப் பார்த்ததும், இது என்னால் வந்ததா, கருவியால் வந்ததா என்று பிரித்துக் கேட்கும் புத்தி அந்தத் தாளிலிருந்துதான் வருகிறது. பட்டாளத்திலிருந்து வந்தவர் போர்வெல் மோட்டார் நின்றுபோனால் யாரையும் ஏசாமல் முதலில் ஃபியூஸைப் பார்ப்பார், பிறகு ஸ்டார்ட்டர், பிறகு கேபிள் என்று வரிசையாகப் போவார். சித்தப்பாவிடம் கவனித்துப் பாருங்கள். அந்தப் பழக்கத்தின் விதையை யாரோ ஒரு ஹவில்தார்தான் போட்டிருப்பார்.

ஆனால் உண்மையான பிணைப்பு கிரவுண்டில் உண்டாவதில்லை, ராத்திரி பேரக்கில் உண்டாகிறது. ரோல்கால் முடிந்து லைட் அணைக்குமுன் சில உஸ்தாத் காலைப் பார்க்க வருவார்கள். ‘பூட்டைக் கழட்டு, சாக்ஸைக் கழட்டு, காலைக் காட்டு.’ கொப்புளம் எங்கே, விரலிடுக்கில் வெந்திருக்கிறதா, நகம் உள்ளே வளர்கிறதா, கணைக்கால் எலும்பை அழுத்தினால் ஒரு புள்ளியில் மட்டும் சுளீரென்று வலிக்கிறதா? தர்மபுரி வெயிலில் வளர்ந்த பையனுக்கு வெலிங்டன் புது உலகம். சுமார் 1,800 மீட்டர் உயரம், மூடுபனி, திடீர் மழை. துவைத்த சாக்ஸ் இரண்டு நாளானாலும் காயாது. ஈர சாக்ஸோடு பூட் போட்டால் மூன்றே நாளில் தோல் உரியும். இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நேர அட்டவணையில் எந்த வரியும் இல்லை. தன் தூக்கத்தில் அரை மணியைக் கொடுத்து அவர் குனிந்து இன்னொருவன் பாதத்தைத் தொடுகிறார். சொந்த வீட்டில்கூட ஐந்து வயதுக்குப் பிறகு யாரும் அவன் காலைப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘அப்பாவைப் பற்றிக்கூட அவ்வளவு பேசியதில்லை’ என்று நீங்கள் ஆச்சரியப்படுவதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் கணைக்கால் வலியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தம்பிக்கு நேரடியாக வேண்டிய விஷயம். ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டினால் நுரையீரலும் தசையும் சில வாரத்தில் ஈடுகொடுத்துவிடும். எலும்புக்கு அதைவிட அதிக நாள் தேவை. புதுச் சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டும். இடையில் உள்ள மூன்றாவது, நான்காவது வாரத்தில் அது சற்றுப் பலவீனமாக இருக்கும். பையனோ அப்போதுதான் ‘எனக்கு மூச்சு வாங்கவில்லை, பழகிவிட்டது’ என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவான். கணைக்காலில் முடி அகலத்தில் விரிசல் விழும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் தெரியாமலும் போகலாம். அதனால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று சொன்னாலும், ஒரே புள்ளியில் வலி, ஓடினால் கூடி, ஓய்ந்தால் குறைகிறது என்றால் திரும்பவும் சிக் ரிப்போர்ட் போட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓய்வு கொடுத்தால் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கூடிவிடும். மறைத்து ஓடினால் எலும்பு முழுதாக முறியும். பையன்கள் ஏன் மறைக்கிறார்கள்? அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள், அதை ரெலிகேஷன் என்பார்கள், அந்தப் பயம்தான். தன்னோடு வந்தவர்கள் கசம் பரேடில் உறுதிமொழி எடுக்கும்போது தான் மட்டும் பின்னால் நிற்க வேண்டுமே என்ற அவமானம். நல்ல உஸ்தாத் முதல் வாரத்திலேயே, ‘வலியைச் சொன்னவனை நான் கோழை என்று சொல்ல மாட்டேன், மறைத்தவனைத்தான் சொல்வேன்’ என்று எல்லார் முன்னாலும் அறிவித்துவிடுவார். அப்படி அறிவிக்காத ஸ்குவாடில்தான் இந்த எலும்பு முறிவு அதிகம் வெளியே வருகிறது.

தண்டனை பற்றியும் கேட்பீர்கள். ரகடா உண்டு. ஃப்ரண்ட் ரோல், முட்டி போட்டு நகர்வது, பிட்டு என்ற முதுகுப்பையோடு கிரவுண்டைச் சுற்றுவது எல்லாம் உண்டு. மனதில் நிற்கிற உஸ்தாதும் தண்டிப்பார், ஆனால் அசட்டைக்குத்தான் தண்டிப்பார், இயலாமைக்கு ஒருபோதும் தண்டிக்க மாட்டார். பூட் துடைக்காமல் வந்தால் தண்டனை. கயிறு ஏற முடியாவிட்டால் சாயங்காலம் கூட நின்று பழக்குவார். இந்தக் கோடு தெரியாதவர் கையில் பயிற்சி கெட்டுப்போகும். கை நீட்டி அடிப்பது சட்டப்படியே குற்றம். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 47-வது பிரிவு, தனக்குக் கீழுள்ளவரை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ ராணுவ நீதிமன்றத்தில் ஏழு வருடம்வரை சிறை என்கிறது. அப்படி ஏதாவது நடந்தால் தம்பி கம்பெனி கமாண்டரிடம் ‘இன்டர்வியூ’ கேட்கலாம். அதற்கு கம்பெனி ஹவில்தார் மேஜர் வழியாகப் பெயர் கொடுக்க வேண்டும். சைனிக் சம்மேளன் என்ற ஜவான்கள் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லலாம். மோசமான உஸ்தாதும் ஆயுள்முழுக்க நினைவில் இருப்பார், வடுவாக. அந்த வடுவோடு வந்தவர்கள் தங்களுக்குக் கீழே ஆள் வந்ததும் அதையே திரும்பச் செய்கிறார்கள். அதனால்தான் இந்த விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

மையம் முடிந்து பட்டாலியனுக்குப் போனால் வேறு இருவர் வருவார்கள். ஒருவர் செக்‌ஷன் கமாண்டர். செக்‌ஷன் என்றால் பத்துப் பேர், அதை நடத்துகிறவர் ஹவில்தார். மற்றவர் ‘பட்டி’ (buddy), அதாவது ஜோடி. ஒருவன் தூங்கும்போது மற்றவன் விழித்திருப்பான். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் லங்கரிலிருந்து, அதாவது பட்டாளத்துச் சமையற்கூடத்திலிருந்து, அவன் தட்டையும் கொண்டுவருவான். புதிதாக வந்த பையனுக்கு அனுபவமுள்ள ஆளைப் பட்டியாகப் போடும் செக்‌ஷன் கமாண்டர், பாதி வேலையை முடித்துவிட்டார். இரண்டு புதுப் பையன்களை ஒன்றாகப் போட்டால் இருவரும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்வார்கள்.

அதிகாரிகளுக்கும் உஸ்தாத் உண்டு என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு வரும் லெப்டினன்டுக்கு, இருபத்தைந்து வருடச் சேவை முடித்த சுபேதார் சல்யூட் அடிப்பார். அடித்துவிட்டுத் தனியாக இருக்கும்போது, ‘சார், இந்தப் பாதையில் நேற்று போனோம், இன்றும் அதே வழியில் போக வேண்டாம்’ என்று மெல்லச் சொல்வார். எல்லார் முன்னாலும் திருத்த மாட்டார். பல காலாட்படைப் பிரிவுகளில் புது அதிகாரி முதல் சில வாரம் ஜவான்களோடு ஒரே பேரக்கில் தூங்கி, ஒரே லங்கரில் சாப்பிட்டு, காவலும் நிற்க வேண்டும். ஒவ்வொருவன் பெயர், ஊர், வீட்டு நிலவரம் எல்லாம் அவர் வாயில் வர வேண்டும். அதைச் சரிபார்ப்பவரும் ஒரு சாப்தான்.

இந்த உறவு நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால், அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அப்போதைய கம்பெனி சிவில் ஊழியர்களுக்கு உள்ளூர் மொழி தெரியாததால் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ராணுவ அதிகாரிகளையே அனுப்பினார். தலைவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழ் உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. மன்றோ 1780-இல் கேடட்டாக வந்தவர். அதற்கு முன்பே ரீட்டின் கீழ் உளவுப் பிரிவில் வேலை பார்த்தவர். ஏழு வருடம் இங்கே கிராமம் கிராமமாக நடந்து, வயலை அளந்து, ரயத்தோடு, அதாவது உழவரோடு, நேரில் பேசி வரி போடுவதை ரீட்டிடம்தான் அவர் கற்றார். அதைத்தான் பிறகு ரயத்துவாரி முறையாக வேறு மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார், 1820-இல் சென்னை மாகாண கவர்னரும் ஆனார். அந்த வரிமுறையின் நல்லது கெட்டது வேறு விவாதம். ஒரு கேப்டன் தன் உதவியாளனிடம் ஊன்றிய வேலைமுறை ஒரு மாகாணத்தையே ஆண்டது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இன்னும் பின்னால் போனால் நம் ஊர் நடுகற்கள். அரூர், ஊத்தங்கரைப் பக்கமும் செங்கம் பக்கமும் கிடைத்த பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்களைப் படித்துப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்று சொல்லிவிட்டு, செத்தவனை ‘இன்னாருடைய சேவகன்’ என்று எழுதிய கற்கள் அவற்றில் பல. மாடு மீட்கும் சண்டையில் விழுந்த வீரனின் அடையாளத்தில் அவன் யாருக்குக் கீழ் நின்றான் என்பதும் சேர்ந்தே வருகிறது. சித்தப்பா தன் பெயரோடு உஸ்தாத் பெயரையும் சேர்த்துச் சொல்வது அதே வழக்கம்தான் என்று எனக்குத் தோன்றும். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பார்க்கலாம். தம்பி கிளம்புமுன் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இனி தம்பிக்கு. இருக்கும் நாட்களில் ஓட்டத்தைத் தார் ரோட்டில் வைக்காமல் மண் தரையில் வைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு. களியை விட வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு அவ்வளவு மலிவான மருந்து நம் மாவட்டத்தில் வேறு இல்லை. பூட் அங்கே கொடுப்பார்கள். அளவு பார்க்கும்போது தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு ‘சரியாக இருக்கிறது உஸ்தாத்’ என்று சொல்லிவிட்டுக் காலைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் அதிகம். பருத்தி சாக்ஸ் நாலைந்து ஜோடி கூடுதலாகப் பெட்டியில் வையுங்கள். ராத்திரி ஈர சாக்ஸைப் பிழிந்து போர்வைக்கு அடியில் உடம்புச் சூட்டில் வைத்துப் படுத்தால் காலையில் ஓரளவு காய்ந்திருக்கும்.

இந்தி இப்போதே கொஞ்சம் பழகட்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பதால் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் உஸ்தாத்கள் இருப்பார்கள். ஆனாலும் கட்டளை எல்லாம் இந்திதான். பாடமும் அதில்தான் நடக்கும். ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணிக்கை, திசைகள், உடல் உறுப்புகளின் பெயர், ‘புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்ற வாக்கியம்: இவ்வளவு தெரிந்தால் முதல் மாதம் தப்பிக்கலாம். புரியாமல் ‘ஜீ உஸ்தாத்’ என்று தலையாட்டுவதுதான் பெரிய ஆபத்து. ரேஞ்சில் அது உயிரோடு விளையாடுவது.

யாரைப் பார்த்துக் கற்பது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஒரே உஸ்தாதிடம் எல்லாம் இருக்காது. ஒருவர் டிரில்லில் கெட்டிக்காரராக இருப்பார், துப்பாக்கியில் சாதாரணம். இன்னொருவர் பேச்சே வராதவர், ஆனால் மேப் படிப்பதில் புலி. எதை யாரிடம் எடுப்பது என்று பையனே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிறு நோட்டு வைத்து, அன்று திருத்தப்பட்ட ஒரே ஒரு தப்பைத் தேதியோடு எழுதட்டும். ஆறு மாதத்தில் அது பெரிய பாடப்புத்தகம் ஆகிவிடும். அக்னிவீருக்கு நான்கு வருடம்தான், அதிகபட்சம் கால்வாசிப் பேரைத்தான் நிரந்தரமாக வைப்பார்கள். மீதிப் பேர் இருபதுகளின் தொடக்கத்திலேயே வீடு திரும்புவார்கள். அதனால் நல்ல செக்‌ஷன் கமாண்டர் படிப்பையும் கேட்பார். பத்தாவது மட்டும் முடித்தவர் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதி பெறவும், இக்னோவில் பட்டம் படிக்கும்போது ராணுவப் பயிற்சிக்கே பாதி மதிப்பெண் புள்ளிகள் கிடைக்கவும் ஏற்பாடு இருக்கிறது. தம்பி முதல் லீவில் வரும்போது ‘பதிவு செய்தாயா?’ என்று நீங்களும் கேளுங்கள். வீட்டில் இன்னொரு காரியம் உண்டு: முதல் மாதத்தில் போனில் அழுதால் ‘திரும்பி வந்துவிடு’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ‘உஸ்தாத் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர்?’ என்று கேளுங்கள். பேச்சு தானாக மாறும்.

சித்தப்பாவுக்கு வருகிறேன். அவர் நினைப்பது நல்ல காரியம், ஆனால் பட்டாளத்து கிரவுண்டை அப்படியே ஊர் கிரவுண்டுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே டாக்டர் உண்டு, லங்கர் உண்டு, மருத்துவப் பரிசோதனையில் தேறி வந்த பையன்கள். இங்கே ராத்திரி பத்து மணிவரை கல்குவாரியிலோ ஓசூர் கம்பெனி ஷிப்டிலோ வேலை பார்த்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். முதல் நாள் ரகடா கொடுத்தால் மூன்றாம் நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அக்னிவீர் உடல்தகுதித் தேர்வின் அளவு இது: 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண். பீமில் 10 தடவை தாடையை ஏற்றினால் 40. 6 தடவைக்கு 16தான். ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவதும் ஸிக்ஸாக் பேலன்ஸும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை. ஆனால் இப்போது முதலில் கணினித் தேர்வு, அதில் தேறினால்தான் ரேலி, அதாவது மைதானத்தில் நடக்கும் இந்த உடல்தகுதித் தேர்வு. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் பையன்களைக் கணக்கும் பொது அறிவும் போட உட்கார வைக்க வேண்டும். கிரவுண்டில் ஓடி ஓடி, தேர்வில் தோற்றுப்போகும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய.

ஓட்டத்தின் கணக்கைப் பையன்களுக்கே சொல்லிக்கொடுக்கட்டும். 400 மீட்டர் டிராக்கில் நாலு சுற்று, சுற்றுக்கு 82 விநாடி. ஊர்ப் பள்ளி மைதானம் 200 மீட்டர் என்றால் எட்டுச் சுற்று, சுற்றுக்கு 41. எல்லாரும் செய்யும் தப்பு முதல் சுற்றை 70 விநாடியில் பறப்பது. மூன்றாவது சுற்றில் 95-க்குப் போய்விடும். ரேலியில் பெரிய கூட்டமாக ஓடவிடுவதால் தள்ளுமுள்ளு பயத்தில் இன்னும் வேகமாகக் கிளம்புவார்கள். அதற்கு மருந்து: வாரம் ஒருநாள் எல்லாரையும் ஒன்றாக நெருக்கி நிறுத்தி ஓடவிட்டு, முதல் சுற்றை 80-க்குக் குறைவாக முடித்தவனை நிறுத்தித் திரும்பக் கிளம்பச் சொல்வது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பயிற்சியாளரைப் பையன்கள் முதலில் நம்ப மாட்டார்கள். நேரத்தை நோட்டில் எழுதிக் காட்டினால் மூன்றே வாரத்தில் நம்புவார்கள். பீம் வராதவனைத் தொங்கவிட்டுத் திட்டுவதில் பயனில்லை. ஸ்டூல் போட்டு மேலே ஏற்றிவிட்டு, ஐந்து விநாடி எடுத்து மெல்லக் கீழே இறங்கச் சொல்லட்டும். நாளுக்கு மூன்று செட், செட்டுக்கு ஐந்து. ஒன்றுகூட இழுக்க முடியாதவனுக்கும் இதில் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் இரண்டு மூன்று வந்துவிடும்.

பணம் பற்றி. கிரவுண்டுக்குத் தண்ணீர், ஸ்டாப்வாட்ச் செலவுக்கு ஏதாவது வாங்கினால் தப்பில்லை. ஆனால் ‘ஆபீஸில் தெரிந்தவர் இருக்கிறார், இடம் வாங்கித் தருகிறேன்’ என்று வரும் ஆளை மைதானத்து வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் இடத்துக்கு விலை கிடையாது. நம் இரண்டு மாவட்டத்துக்கும் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம்தான், அறிவிப்பு எல்லாம் இணையதளத்திலேயே வரும். கல்லூரியில் படிக்கும் பையன் இருந்தால் என்.சி.சி.யில் சேரச் சொல்லட்டும். அங்கே வரும் பி.ஐ. ஸ்டாஃப் என்ற பயிற்சியாளர் பணியில் இருக்கும் ராணுவத்தார்தான். அந்தப் பையனுக்கு முதல் உஸ்தாத் அவராகவே இருக்கட்டும், சித்தப்பாவோடு போட்டி வேண்டாம்.

முதல் நாள் காலை சித்தப்பா செய்ய வேண்டியது: பையன்களுக்கு முன்பே, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஷூவோடு மைதானத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொருவன் பெயரும் ஊரும் என்ன சாப்பிட்டான் என்பதும் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். காய்ச்சல், மூச்சிரைப்பு, பழைய எலும்பு முறிவு உண்டா என்று கேட்டு, உண்டு என்றவனை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். அன்றைக்கு எல்லாரும் மெல்ல இரண்டு சுற்று, அவ்வளவே. முடிந்ததும் வரிசையாக உட்கார வைத்து, ஷூவைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்கட்டும்.